வீட்டு கராஜில் ஒரு லேத்: டர்பனில் பட்டறை போடுகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது எங்கள் சாமான்களிலேயே அதிகம் கனத்தது வெட் கிரைண்டர்தான். ஆறு வருடம் குறை சொல்லாமல் மாவரைத்தது. அப்புறம் ஒரு நாள் டிரம்முக்கு அடியில் இருக்கும் புஷ் தேய்ந்து, டிரம் தள்ளாட ஆரம்பித்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பூஜைச் சாமான் கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், கறிவேப்பிலை பக்கத்து வீட்டு வேலியிலேயே கிடைக்கும். கோவை கிரைண்டரின் புஷ் மட்டும் கிடைக்காது. இத்தனைக்கும் அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். பீளமேட்டில் எந்த லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் கொடுத்தாலும் டீ குடித்து முடிப்பதற்குள் கடைந்து கொடுத்துவிடுவார்கள். நாமே கடைந்தால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் என் கராஜ் பட்டறையானது.

ஆனால் தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் லேத்தை வாங்கினேன். இறக்கி வைத்த பிறகுதான் மோட்டார் தகட்டைப் படித்தேன்: மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ். நான்கு மாதம் அது போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. வீட்டம்மா அதன் மேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிவைத்தார். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்பதற்காகத்தான் வாங்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை, அப்புறம் பணம்

"லேத்தில் என்னவெல்லாம் செய்யலாம்" என்று யோசித்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. முதலில் செய்யப்போகும் ஒரே ஒரு பொருளைத் தாளில் வரையுங்கள். எனக்கு அது புஷ். வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் என்று மூன்றே அளவு. அந்தப் படத்தைப் பார்த்தாலே எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்துவிடும்: அளக்க வெர்னியர், துளை போட டிரில், துளையைப் பெரிதாக்க போரிங் டூல், முகம் சீவ ஒரு டூல், பிடிக்க மூன்று தாடைச் சக். மரை வெட்டும் சாமான் ஒன்றும் அதில் இல்லை. துளைக்குள் மரை வெட்ட நான் அவசரத்தில் வாங்கிய டேப் செட் ஒரு வருடம் பெட்டியைத் திறக்காமலே கிடந்தது.

கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதிதான் லேத்துக்கு. மறுபாதி சக், டூல், டிரில், அளவுகோல், எண்ணெய், மின்வேலை என்று கரைந்துவிடும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. இன்னொன்று, இயந்திரக் கடை விளம்பரங்களில் விலையை வாட் வரி சேர்க்காமல் போடுவதும் உண்டு. இங்கே வாட் 15 சதவீதம். பெரிய தொகையில் அது ஒரு நல்ல டிரில் செட்டின் விலை. முதல் கேள்வியாக அதைக் கேட்டுவிடுங்கள்.

மின்சாரம்

வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஒரு ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ். மூன்று உருண்டைக் கால் வைத்த பெரிய பிளக்கில் 16 ஆம்பியர் வரை இழுக்கலாம். கணக்குப் போட்டால் 3.6 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் 2 குதிரைத்திறனுக்கு மேல் வீட்டுப் பிளக்கை நம்ப வேண்டாம். புதியவருக்கு ஒரு குதிரைத்திறனே போதும்.

பழைய லேத் பெரும்பாலும் ஏதாவது தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்கும். அதில் மூன்று ஃபேஸ் மோட்டார்தான் இருக்கும். அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை, தகட்டைப் படியுங்கள். 230/400 வோல்ட் என்று இருந்தால் நல்ல காலம். உள்ளே ஒரு ஃபேஸ் வாங்கி வெளியே மூன்று ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி ஒன்றை மாட்டி, மோட்டார் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றினால் ஓடிவிடும். வேகத்தையும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். தகட்டில் 400/690 என்று இருந்தால் சாதாரண 230 வோல்ட் விஎஃப்டி அதை இழுக்காது. அப்போது மோட்டாரையே மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் தட்டினால் விஎஃப்டி போய்விடும். இந்த இணைப்புகளைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்வேலை விதிப்படி இருக்கிறது என்று அவர் கொடுக்கும் சிஓசி சான்றிதழ் வீடு விற்கும் நாளில் தேவைப்படும்.

மின்வெட்டை மறந்துவிட வேண்டாம். 2023இல் நாளுக்கு இரண்டு மூன்று முறை கரண்ட் போன காலத்தில் ஒரு நாள் டூல் இரும்பில் இறங்கியிருக்கும்போதே எல்லாம் நின்றுபோனது. நானும் கை கழுவிச் சாப்பிடப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து கராஜில் லேத் தானாக ஓடும் சத்தம் கேட்டது. சுவிட்சை அணைக்காமல் போனது என் தப்பு. நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் இருந்திருந்தால் கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தும்வரை மோட்டார் அசைந்திருக்காது. லேத், டிரில், சாணை மூன்றுக்கும் அது இருக்க வேண்டும். இல்லாத இயந்திரத்தில் தனியாக வாங்கி மாட்டலாம், விலை அதிகமில்லை.

அளவுச் சாமான்

லேத்துக்கு முன்னாலேயே இதை வாங்கலாம் என்பேன். பழைய லேத்தைச் சோதிக்கவே இது வேண்டும். 150 மில்லிமீட்டர் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று, நுண்ணிய ஆட்டத்தை ஊசியில் காட்டும் டயல் கேஜ் காந்தக் காலோடு ஒன்று, மூலைமட்டம் ஒன்று. 0–25 மில்லிமீட்டர் அளக்கும் மைக்ரோமீட்டர் இரண்டாம் மாதம் வாங்கினால் போதும்.

ஜப்பானிய அளவுக்கருவி நிறுவனமான மிட்டுடோயோ பெயரில் போலி வெர்னியர் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பாதி விலைக்கு யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். வெர்னியர் சரியா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. புதிய 6203 பேரிங் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 40, உள்விட்டம் 17, அகலம் 12 மில்லிமீட்டர். அதன் வெளிவிட்டம் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகாது. வெர்னியரின் தாடை நுனியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் 40.00 அல்லது 39.99 காட்டினால் வாங்கலாம். நுனியில் ஒன்று, அடியில் ஒன்று காட்டினால் தாடை கோணலாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பேரிங் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைவிட மலிவான அளவுத் தரம் எனக்குத் தெரிந்து இல்லை.

லேத் பார்க்கப் போகும் நாள்

இரண்டாவது முறை லேத் பார்க்கப் போனபோது தெருக்கோடி அங்கிளைக் கூட்டிப்போனேன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் அண்ட் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிஃபான்ட்ஸ்ஃபோன்டெயின் மையத்தில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு எழுதிய கதையை மாதம் ஒரு முறையாவது சொல்வார். தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், "தம்பி" மட்டும் சுத்தமாக வரும்.

பைன்டவுனில் ஒரு வீட்டு கராஜ். இங்கிலாந்துக்காரன் செய்த மைஃபோர்டு எம்எல் 7, புதுப் பச்சைப் பெயிண்ட். நான் அதன் அழகில் மயங்கி நின்றபோது அங்கிள் லேத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினார். "தம்பி, மெஷின் எங்கேயும் ஓடாது. முதல்ல கியர் டப்பா எங்கேன்னு கேள்." பழைய பிஸ்கட் டின்னில் மாற்று கியர்கள் எண்ணெய் தடவி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லை எண்ணினார். கியர்பாக்ஸ் இல்லாத லேத்தில் இவை இல்லாமல் மரை வெட்ட முடியாது, ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் பணம் தண்ணீராகப் போகும். அப்புறம் சீவல் தட்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். நீளமாகச் சுருண்ட இரும்புச் சீவல். சமீபத்தில் ஓடிய லேத்துதான். வெறும் துருத்தூள் கிடந்திருந்தால் வேறு கணக்கு.

அதற்கப்புறம்தான் லேத்துக்கு வந்தார். அவர் செய்ததை அப்படியே செய்யுங்கள். டூலைத் தாங்கி நகரும் சேடிலைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே ஆட்டம் இல்லாத அளவுக்கு அதன் ஜிப் திருகுகளை (ஆட்டத்தைக் குறைப்பவை) இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி, எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கடைசிவரை ஒரே மாதிரி நகர்ந்தால், சேடில் ஓடும் படுக்கை தேயவில்லை. போகப்போக இறுகி நின்றுவிட்டால், சக்குக்குப் பக்கத்தில், வேலை அதிகம் நடக்கும் இடத்தில், படுக்கை தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை, முழுதாக நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்து, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில்: சக்கில் ஒரு முழம் கம்பியை இறுக்கி, டயல் கேஜைச் சக்குக்கு ஒட்டி வைத்து, கம்பியை மேலும் கீழும் நெம்புங்கள். ஊசி மில்லிமீட்டரின் நூறில் இரண்டு மூன்று பங்கு ஆடினால் சரிசெய்யலாம். பத்துக்கு மேல் ஆடினால் பேரிங் செலவு காத்திருக்கிறது.

டூலை உள்ளே வெளியே நகர்த்தும் குறுக்குச் சறுக்கின் கைப்பிடியில் கால் சுற்று வெற்றாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், ஒரே திசையிலிருந்து வந்து அளவை எடுத்தால் வேலை சரியாகத்தான் வரும். மோட்டாரை ஓட்டி, குறைந்த வேகத்திலிருந்து உச்ச வேகம்வரை காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக ஒரு இரும்புக் கம்பியை அங்கேயே கடைந்து காட்டச் சொல்லுங்கள். "இப்போ கரண்ட் இல்லை" என்றால் கரண்ட் இருக்கும் நாளில் வருகிறோம் என்று கிளம்பிவிடுங்கள்.

அங்குலமா மில்லிமீட்டரா என்ற கேள்வி வரும். தென்னாப்பிரிக்கா மெட்ரிக்குக்கு மாறியது 1970களில். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் லேத்தில், மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட்ஸ்குரூவும் டயலும் அங்குலத்தில்தான் இருக்கும். புஷ் கடைய அது தடையே இல்லை, வெர்னியர் பார்த்துக்கொள்ளும். மெட்ரிக் மரை சரியாக வெட்ட 127 பல் கியர் ஒன்று வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. டப்பாவில் அது இருந்தால் கூடுதல் லாபம்.

பழையது கம்ட்ரீ என்ற விளம்பரத் தளத்தில் நிறைய வரும். தொழிற்சாலை மூடும்போது நடக்கும் ஏலங்களிலும் கிடைக்கும், ஆனால் அங்கே ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள். முன்பணம் அனுப்பாதீர்கள், பகலில் போங்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். புதிது வேண்டும் என்றால் அடென்டார்ஃப் போன்ற இயந்திரக் கடைகளில் சின்ன சீன லேத் கிடைக்கிறது. அதை முடிந்த இயந்திரம் என்று நினைக்காமல், முக்கால் பங்கு முடிந்த இயந்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வந்த நாளே பிரித்து, கிரீஸைத் துடைத்து, ஜிப்களைச் சரிசெய்து, எண்ணெய் போட்டால் நன்றாகவே ஓடும்.

கொண்டுவர பக்கி வேண்டும். பிக்அப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர், வீட்டில் யாரையும் திட்டவில்லை. லேத்தின் கனமெல்லாம் சக் பக்கம் உச்சியில் இருக்கிறது, வளைவில் தலைகுப்புற விழும். டெயில்ஸ்டாக்கையும் சக்கையும் கழற்றித் தனியாக வையுங்கள், சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் கடைசிவரை தள்ளிப் பூட்டுங்கள், மரக்கட்டையில் போல்ட் போட்டு நான்கு பக்கமும் வார் கட்டுங்கள். லீட்ஸ்குரூவில் மட்டும் வாரைக் கட்டாதீர்கள், வளைந்துவிடும்.

டூல், டிரில், சாணை

மாற்றிப் போடும் வெட்டு நுனியான கார்பைடு இன்சர்ட் பளபளவென்று இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் நீட்டுவார். சின்ன லேத்தில் அதற்கு வேண்டிய வேகமும் கிடையாது, விறைப்பும் கிடையாது. வெட்டை நடுவில் நிறுத்தினால் நுனி பொரிந்துவிடும். முதல் வருடம் ஹைஸ்பீடு ஸ்டீல் போதும். 10 மில்லிமீட்டர் சதுரக் கட்டை நான்கு வாங்கி, 150 மில்லிமீட்டர் சாணை மெஷினில் நீங்களே பிடித்துப் பழகுங்கள். ஒரே ஒரு கட்டையைச் சாணையில் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்குங்கள், கோணங்கள் கைக்கு வந்துவிடும். சாணைக் கல்லை மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கோயில் மணி போல் கணீரென்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அலுமினியத்தையும் பித்தளையையும் அந்தக் கல்லில் தேய்க்காதீர்கள், கல் அடைத்துக்கொள்ளும்.

டூல் நுனி, கடையும் கம்பியின் நட்டநடு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காகத் தகடு தகடாக அடியில் வைத்துச் சலித்துப்போவீர்கள். அப்போது டூல் உயரத்தைத் திருகியே சரிசெய்யும் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

சாதா இரும்பு கடையும் வேகத்துக்கு மனக்கணக்கு: 320ஐ 30ஆல் பெருக்கி, மில்லிமீட்டர் விட்டத்தால் வகுங்கள். 25 மில்லிமீட்டர் சாதா இரும்புக்கு 384 வரும், நிமிடத்துக்கு 380 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரில் பிட் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தயாராகும் சோம்டா வாங்குங்கள். உள்ளூர்ச் சரக்கு, நம்பலாம். நூறு பிட் ஒரே பெட்டியில் என்று மஞ்சள் நிறத்தில் வருவதை விட்டுவிடுங்கள். 1 முதல் 10 வரை அரை மில்லிமீட்டர் படியில் ஒரு செட், அத்தோடு மரைக்கான அளவுகளைத் தனியாக: எம் 4க்கு 3.3, எம் 5க்கு 4.2, எம் 8க்கு 6.8. எம் 6க்கு வேண்டிய 5, எம் 10க்கு வேண்டிய 8.5 இரண்டும் செட்டிலேயே இருக்கும். டேப்பும் அப்படித்தான், தேவைப்படும் அளவை மட்டும் மூன்று துண்டுச் செட்டாக, ஹைஸ்பீடு ஸ்டீலில் வாங்குங்கள். மலிவு டேப் துளைக்குள் ஒடிந்தால் அதை எடுப்பதற்கு ஆகும் நேரம் உங்கள் வயதில் கழியும்.

வைஸ், ஹேக்சா, இரண்டு மூன்று அரம், சென்டர் பஞ்ச் எல்லாம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஹேக்சாவில் மெல்லிய தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல் பிளேடு, தடித்த கம்பிக்கு 18.

இரும்பும் நைலானும்

இரும்புக் கடையில் ஆறு மீட்டர் கம்பிதான் விற்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் வெட்டுத் துண்டுகள் போட்ட பீப்பாய் இருக்கும், அதைக் கேளுங்கள். டர்பனின் தொழிற்பேட்டைகளான ஜேக்கப்ஸ், மொபெனி பக்கம் ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால் வருடம் முழுக்கத் தேவையானது கிடைத்துவிடும். பழகுவதற்கு இஎன்1ஏ கேளுங்கள், கடைவதற்கென்றே செய்த இரும்பு, வெண்ணெய் மாதிரி வெட்டும். வலு வேண்டிய சுழல்தண்டுக்கு, அதாவது சாஃப்டுக்கு, இஎன்8. கட்டிட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை லேத்தில் மாட்டாதீர்கள், டூலும் போகும், பொறுமையும் போகும்.

என் புஷ்ஷை முதலில் நைலானில் கடைந்தேன். சாஃப்ட் கச்சிதமாக உட்கார்ந்தது, அங்கிளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உளுந்து போட்டு இருபது நிமிடம் ஓடியது. அடுத்த வாரம் டிரம் அசையவே இல்லை. நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும், இடைவெளி வைக்காமல் கடைந்த துளை சாஃப்டைக் கவ்விக்கொண்டது. இரண்டாவதை அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கில், மில்லிமீட்டரின் நூறில் எட்டுப் பங்கு இடைவெளி விட்டுக் கடைந்தேன். அசெட்டால் ஈரத்தை அதிகம் இழுக்காது. அது இன்றும் ஓடுகிறது. பிளாஸ்டிக் வாங்கும்போது "வெள்ளைக் கம்பி" என்று கேட்காதீர்கள், இரண்டும் வெள்ளைதான்.

எண்ணெய், துரு, கயிறு

படுக்கைக்கு 68 நம்பர் சிலைடுவே எண்ணெய் ஐந்து லிட்டர் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். இரும்பு வெட்ட கட்டிங் ஆயில். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும், இங்கே அதற்குப் பாரஃபின் என்று பெயர், பெட்ரோல் பங்கிலேயே விற்கிறார்கள். பித்தளையும் வார்ப்பிரும்பும் காய்ந்தபடியே வெட்டும்.

டர்பனில் துருவுக்கு விடுமுறையே கிடையாது. கடல் காற்று, பிப்ரவரி புழுக்கம், ராத்திரியில் குளிர்ந்த இரும்பில் காலையில் படியும் ஈரம். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். பழைய டர்னர்கள் டூல் இழுப்பறையில் கற்பூரம் போட்டு வைப்பார்கள். நானும் போடுகிறேன், பூஜைக் கடையில் வாங்கும் அதே வில்லைதான். சாணைப் பொறி பறக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

லேத் அருகே கையுறை கூடாது. தொளதொளக் கை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. நம் ஆட்கள் மறக்கும் இன்னொன்று மணிக்கட்டுக் கயிறு. காவடிக்குக் காப்புக் கட்டியிருக்கும் நாட்களில் அதைக் கழற்ற முடியாது, ஆகவே அந்த நாட்களில் நான் லேத்தைத் தொடுவதில்லை, அளவெடுத்துப் படம் வரைவதோடு சரி. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் சாவி குண்டு மாதிரி பறக்கும். சக்கை விட்டு எடுத்தால் நேராக ஆணியில் மாட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் மூக்கில் இருக்கட்டும். சீவலை விரலால் இழுக்காமல் கம்பிக் கொக்கியால் இழுங்கள்.

அந்தச் சீவலைக் குப்பையில் கொட்டாதீர்கள். பித்தளைக்கு ஒரு டின், அலுமினியத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். கலந்துவிட்டால் காயலான் கடைக்காரர் மொத்தத்தையும் இரும்பு விலைக்குத்தான் எடுப்பார். விற்கப் போகும்போது அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். 2009ஆம் ஆண்டு பழைய பொருள் சட்டப்படி யாரிடம் வாங்கினோம் என்று அவர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.